ஜியாலஜி படிக்க எவ்வளவு கடன் வாங்கலாம்? காரைக்குடிப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு கணக்கு

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த கையோடு காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து சில பெற்றோர் என்னிடம் பேசுவார்கள். நிலத்தடி நீர் பார்க்கிற வேலையில் இருப்பதால் என்னைக் கேட்கிறார்கள். "அண்ணே, பிள்ளை ஜியாலஜிதான் படிப்பேன்னு ஒத்தைக்கால்ல நிக்குது. வேலை கிடைக்குமா? கடன் வாங்கிப் படிக்க வைக்கலாமா?" ஜியாலஜி என்பது பாறை, கனிமம், நிலத்தடி நீர் பற்றிய நிலவியல் படிப்பு. வேலை கிடைக்கும், ஆனால் தாமதமாகும். கடனைப் பற்றிய பதில் அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது. வங்கித் தவணை எந்த மாதம் தொடங்குகிறது, சம்பளம் எந்த மாதம் தொடங்குகிறது, இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் வரவு. நம் நாட்டில் ஜியாலஜிக்கு பி.எஸ்சி. மட்டும் போதாது. இளங்கலையோடு நிறுத்தினால் கல்குவாரி மேற்பார்வை, போர்வெல் கம்பெனியில் உதவியாளர், மண் பரிசோதனைக் கூடம் இப்படித்தான் கிடைக்கும். சொல்லிக்கொள்ளும்படியான வேலை எல்லாவற்றுக்கும் எம்.எஸ்சி. கேட்கிறார்கள். 1851-ல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தில் (ஜி.எஸ்.ஐ.) ஜியாலஜிஸ்ட் ஆக வேண்டுமானால் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு எழுத வேண்டும். அதற்கு முதுகலை கட்டாயம். தேறினால் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் தனி. மத்திய நிலத்தடி நீர் வாரிய விஞ்ஞானிப் பதவிக்கும் இதே தேர்வுதான். மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யில் அதிகாரியாகச் சேர்ந்தால் அடிப்படை 60,000-ல் தொடங்குகிறது. நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவில் பயிற்சிக் காலத்தில் 50,000. தமிழ்நாட்டில் புவியியல் மற்றும் சுரங்கத் துறையில் உதவி ஜியாலஜிஸ்ட் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுத வேண்டும், அடிப்படை 37,700.

தனியார் பக்கம் கதை வேறு. எம்.எஸ்சி. முடித்து நேராக ஒரு ஆலோசனை நிறுவனத்திலோ, கிரானைட் குவாரியிலோ, நீர் ஆய்வு நிறுவனத்திலோ சேருகிற பிள்ளைகளுக்கு 18,000-லிருந்து 25,000 வரை கொடுக்கிறார்கள். அரியலூர் சிமெண்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இதைவிடக் கொஞ்சம் மேலே கிடைக்கலாம். சில வருடம் தாக்குப்பிடித்தால் சம்பளம் ஏறும். முதுகலைக்குப் பிறகு சுரங்கத் துறையில் ஐந்து வருடம் மேற்பார்வைப் பொறுப்பில் இருந்தால் சுரங்கத் திட்டம் தயாரித்துக் கையெழுத்திடும் தகுதி வரும். குவாரி நடத்துகிறவர்களுக்கு அந்தக் கையெழுத்து தேவை என்பதால் அங்கிருந்து நல்ல வருமானம் உண்டு. ஆனால் அந்த ஐந்து வருடத்தைக் கடக்க வேண்டுமே.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொந்தத் தொழில் என்றதும் பலர் பெரிய பணம் என்று நினைக்கிறார்கள். ஒரு தோட்டத்தில் போர் போட இடம் பார்க்க வேண்டுமானால் நான்கு இரும்பு முளைகளை நேர்கோட்டில் அடித்து, வெளி முளை இரண்டின் வழியாக மின்சாரம் செலுத்தி, உள் முளை இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தத்தை அளக்கிறோம். முளைகளின் இடைவெளியை அகட்ட அகட்ட ஆழத்து விவரம் வரும். நம் பக்கம் செம்புறாங்கல் காய்ந்து கிடந்தால் முளையும் மண்ணும் ஒட்டாது, அளவு தாறுமாறாக ஓடும். ஒவ்வொரு முளையின் காலடியிலும் குடத்துத் தண்ணீரை ஊற்றி, ஊறின பிறகுதான் எழுத முடியும். காலையில் தொடங்கினால் ஒரு இடத்துக்கு மதியம் ஆகிவிடும். கூலி சில ஆயிரங்கள். சித்திரை, வைகாசியில் கிணறு வற்றும்போது கூப்பிட்ட இடத்துக்குப் போக நேரம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் ஊரணி நிறைந்துவிட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். மாதாமாதம் ஒரே தேதியில் தவணை கட்ட வேண்டிய கடன் தலைக்கு மேல் இருந்தால் இந்தத் தொழிலில் நிற்கவே முடியாது.

இனி செலவு. நம் பகுதிப் பிள்ளைக்கு உண்மையில் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, உள்ளூர். காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரியிலேயே ஜியாலஜி இருக்கிறது. திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி ஆகியவற்றிலும் உண்டு. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களைத் தாண்டாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் வந்துவிடுகிறது. பஸ் செலவும் மதியச் சாப்பாடும் அதிலேயே அடங்கும். அப்புறம் எம்.எஸ்சி.க்கு சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், பெரியார், அண்ணாமலை, புதுச்சேரி என்று நம் கைக்கெட்டும் இடங்கள் பல. வெளியூர் விடுதி, சாப்பாடு, கள ஆய்வுப் பயணம் எல்லாம் சேர்த்து ஐந்து வருடத்துக்கும் இரண்டரை, மூன்று லட்சத்துக்குள் முடிக்கலாம். அதில் பெரும்பகுதி கடைசி இரண்டு வருடத்துச் செலவு.

இங்கே படிப்பதில் இன்னொரு நன்மை இருக்கிறது, அதைப் பணத்தில் எழுத முடியாது. சிவகங்கை பக்கம் தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமினின் கிராஃபைட் சுரங்கம் இருக்கிறது. பாறையைக் கையில் எடுத்தால் வெறும் சாம்பல் நிறக் கல்தான். பெருவிரலால் தேய்த்தால் பென்சில் முனையைத் தடவினது மாதிரி விரல் ரேகையெல்லாம் கறுத்துப் பளபளக்கும். அந்தப் பாறையில் கரிமம் சராசரியாக 14 சதவீதம். அரைத்து, தண்ணீரில் எண்ணெய் சேர்த்து நுரை கிளப்பினால் கிராஃபைட் செதில்கள் தண்ணீரில் நனையாமல் நுரையோடு ஒட்டி மேலே வரும். வழித்தெடுத்து உலைச் செங்கலுக்கும் உலோகம் உருக்கும் மூசைக்கும் அனுப்புகிறார்கள். இதை நேரில் பார்த்த பிள்ளைக்கு மிதப்பு முறையைத் தனியாகப் பாடம் நடத்த வேண்டாம். ஒரு பகல் தூரத்தில் அரியலூரும் சாத்தனூர் கல்மரமும் இருக்கின்றன. கடலாக இருந்த இடத்தை நடந்தே பார்க்கலாம்.

குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே பல துறைகள் ஓடுகின்றன. நுண்ணோக்கி போதாது, மென்பொருள் பயிற்சி கிடைப்பதில்லை. இதைப் பிள்ளை தானே ஈடுகட்ட வேண்டும். க்யூ.ஜி.ஐ.எஸ். வரைபடம் தயாரிக்கும் இலவச மென்பொருள். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம். ஜி.எஸ்.ஐ.யின் பூகோஷ் தளத்தில் நம் மாவட்டத்து நிலவியல் வரைபடங்களையே பார்க்கலாம். இன்னொன்று, யு.பி.எஸ்.சி. ஜியோ சயின்டிஸ்ட் தேர்வை ஆங்கிலத்தில் மட்டும்தான் எழுத முடியும். தமிழ் வழியில் படித்து வருகிற பிள்ளைக்குக் கட்டணத்தைவிடப் பெரிய தடை இதுதான். முதல் வருடத்திலிருந்தே வாரம் ஒரு பக்கமாவது பாடத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பழக வேண்டும்.

இரண்டாவது வழி, வெளி மாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருட ஒருங்கிணைந்த படிப்பு. கட்டிடம் அழகாக இருக்கும், ஆய்வகம் நன்றாகவே இருக்கும், பெட்ரோலியம் என்ற சொல் விளம்பரத்தில் பெரிதாக இருக்கும். கட்டணமும் விடுதியும் சேர்த்து வருடம் 2 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீத வட்டி. படிக்கிற காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கிடையாது, தனி வட்டி மட்டும் ஏறும். முதல் வருடத்து 2 லட்சத்துக்கு ஆறு வருட வட்டி, அடுத்ததற்கு ஐந்து வருட வட்டி என்று கூட்டினால் வட்டி மட்டும் 4 லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் 14 லட்சம். பத்து வருடத்தில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 18,500 ரூபாய்.

தனியார் தொடக்கச் சம்பளம் எவ்வளவு என்று மேலே எழுதியிருக்கிறேன். பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அரசுத் தேர்வில் தேறினால் கட்டிவிடலாமே என்பார்கள். இங்கேதான் நாட்காட்டியை எடுக்க வேண்டும். பிள்ளை மே மாதம் எம்.எஸ்சி. முடிக்கிறது. ஜியோ சயின்டிஸ்ட் அறிவிப்பு வழக்கமாக செப்டம்பரில் வரும், முதல்நிலைத் தேர்வு பிப்ரவரியில், முதன்மைத் தேர்வு ஜூனில், அதற்கப்புறம் நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, பணி ஆணை. வங்கி கொடுத்த ஒரு வருட அவகாசமோ அந்த முதன்மைத் தேர்வுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. முதல் முயற்சியின் முடிவு தெரியும் முன்பே தவணை தொடங்கிவிடும். இடங்களும் ஒரு சீராக இருப்பதில்லை. 2023-ம் வருடத் தேர்வுக்கு எல்லாப் பிரிவும் சேர்த்து 285 இடம் அறிவித்தார்கள். அடுத்த வருடம் 56. நல்லாப் படித்த பிள்ளையும் இரண்டாவது, மூன்றாவது முறை எழுதத்தான் வேண்டியிருக்கும். 32 வயது வரை எழுதலாம் என்று அரசு வாய்ப்புக் கொடுக்கிறது. கடன் இல்லாத பிள்ளை குறைந்த சம்பளத்தில் எங்காவது வேலை பார்த்துக்கொண்டே எழுதும். 18,500 தவணை இருக்கிற பிள்ளை கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் ஜியாலஜிக்குச் சம்பந்தமே இல்லாத வேலையைப் பிடித்துக்கொண்டு, படிப்பை விட்டுவிடுகிறது. படிக்க வாங்கிய கடனே அந்தப் படிப்புக்கான வேலைக்குப் போக விடாமல் செய்கிறது. இதை நான் நம் ஊர்களிலேயே பார்க்கிறேன், மனசு கேட்காமல்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

தவிர, அந்தத் தேர்வில் காரைக்குடிப் பிள்ளைக்கும் தனியார் பல்கலைக்கழகப் பிள்ளைக்கும் ஒரே கேள்வித்தாள், சேர்ந்தால் ஒரே சம்பளம். பொறியியலில் கல்லூரிப் பெயரைப் பார்த்து நிறுவனங்கள் வருவது போல ஜியாலஜியில் பெரிதாக நடப்பதில்லை.

மூன்றாவது வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. இளங்கலையை உள்ளூரில் முடித்துவிட்டு, ஐ.ஐ.டி. முதுகலைச் சேர்க்கைக்கான ஜாம் தேர்வு எழுதி எம்.எஸ்சி.க்கு அங்கே போவது. மும்பை, ரூர்க்கி, காரக்பூர், தன்பாத் ஆகிய இடங்களில் ஜியாலஜி முதுகலை இருக்கிறது. பி.டெக். கட்டணத்தோடு ஒப்பிட்டால் எம்.எஸ்சி. கட்டணம் மிகக் குறைவு. தேர்வு பிப்ரவரியில் நடக்கும். இளங்கலை இரண்டாம் வருடத்திலேயே தயாரிப்பைத் தொடங்க வேண்டும். அங்கே போனால் எம்.டெக். சேர உதவும் கேட், ஆராய்ச்சிக்கான நெட் இரண்டையும் சுற்றியிருக்கிற எல்லோரும் எழுதுவார்கள். அந்தச் சூழல் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும். கேட் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகை. நெட் தேறி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000. ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் ஒரு பைசா கடன் வாங்கத் தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

இந்த வழிக்குக் கடன் தேவைப்பட்டால் தயங்காமல் வாங்கலாம். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் கொடுக்கிறார்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. நீங்கள் வாங்கப்போவது ஒன்றரை, இரண்டு லட்சம்தான் இருக்கும். தவணை மூவாயிரத்தை ஒட்டித்தான் வரும். இருபதாயிரம் சம்பளத்திலேயே கட்டிக்கொண்டு தேர்வும் எழுதலாம்.

நான்காவது வெளிநாடு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்கில் 2024 மே நிலவரப்படி அங்கே புவி அறிவியலாளர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேலே, பாதிப் பேர் கீழே) 99,240 டாலர். இந்த எண்ணை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் பல வீடுகளில் முடிவெடுக்கிறார்கள். அது பல வருடம் வேலை பார்த்தவர்களையும் சேர்த்த எண், அங்கேயே வேலை செய்ய அனுமதி உள்ளவர்களின் எண். நம் பிள்ளை எம்.எஸ். முடித்தால் ஒரு வருடமும், அறிவியல் படிப்பு என்பதால் மேலும் 24 மாதமும் வேலை பார்க்கலாம். அதற்குமேல் எச்-1பி என்ற வேலை விசா வேண்டும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். ஜியாலஜிஸ்ட்டுகளை அதிகம் எடுக்கும் எண்ணெய்த் துறையோ விலையோடு ஆடும். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்தது, 2016 தொடக்கத்தில் 30-க்குக் கீழே போனது. 2020 ஏப்ரலில் ஒரு நாள் அமெரிக்கச் சந்தையில் விலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. அந்த வருடங்களில் படிப்பை முடித்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கணக்கு இது: 40 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, முதல் வருடம் பாதி, இரண்டாம் வருடம் பாதி. தவணை தொடங்கும்போது 51 லட்சம். பத்து வருடத்துக்கு மாதம் சுமார் 70,000. ஏதோ காரணத்தால் ஊர் திரும்பினால், ஓ.என்.ஜி.சி. தொடக்க அடிப்படைச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் தவணைக்குப் போதாது. நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக வங்கிகள் சொத்துப் பத்திரம் கேட்கும். பூர்வீக வளவு வீட்டில் பத்துப் பதினைந்து பங்காளிகளுக்கு உரிமை இருக்கும். பாகம் பிரிக்காத வீட்டை வங்கி எடுத்துக்கொள்ளாது. உடனே நகையை வைப்பது, நிலத்தை விற்பது, ஈடு கேட்காத தனியார் நிதி நிறுவனத்தில் கூடுதல் வட்டிக்கு வாங்குவது என்று பேச்சு திரும்பும். அந்தப் பேச்சு வந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

வெளிநாடே வேண்டாம் என்று சொல்லவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக ஜியாலஜி துறைகளில் கற்பித்தல் உதவியாளர், ஆராய்ச்சி உதவியாளர் இடங்கள் உண்டு. கிடைத்தால் கட்டணம் தள்ளுபடியாகி மாதப் பணமும் வரும். எம்.எஸ்சி. முடித்து, ஒரு ஆய்வுக் கட்டுரையோ நல்ல களப்பணியோ கையில் வைத்துக்கொண்டு பேராசிரியர்களுக்கு எழுதினால் அந்த இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கடிதம் வந்தால் போகலாம். வராவிட்டால் சொந்தக் கடனில் போகக் கூடாது என்பேன்.

"ஜியாலஜியை விட்டுட்டு கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேர்த்துறவா?" என்றும் கேட்பார்கள். வருடம் ஒன்றரை லட்சம் கடன் என்றால் தவணை தொடங்கும்போது 8.1 லட்சம், மாதம் 10,700. படிப்பு முடிகிற வருடமே வளாகத் தேர்வில் வேலை கிடைத்தால் அது கட்டக்கூடிய தொகை. கட்-ஆஃப் இருந்து, 1952-ல் தொடங்கிய நம் ஊர் அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தால் கடனே வேண்டாம். வீட்டில் 22 வயதில் சம்பளம் வந்தே ஆக வேண்டும், தங்கை கல்யாணமோ அப்பாவின் மருத்துவமோ காத்திருக்கிறது என்றால், ஜியாலஜி அந்த வீட்டுக்கு ஏற்றதல்ல. எனக்கு இந்தப் படிப்பு மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். 25, 26 வயது வரை பொறுக்கிற வீடு என்றால் தாராளமாகச் சேர்க்கலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். சுரங்கச் சட்டம் நிலத்தடிச் சுரங்கத்தில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்திருந்தது. 2019-ல் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்குப் பகல் நேரத்தில் அனுமதி வந்துவிட்டது. சம்பளத்தில் வித்தியாசம் கிடையாது. காடு மேடு அலைய வேண்டும் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

ஆக, இளங்கலைக்குக் கடன் வேண்டாம், காரைக்குடியோ திருச்சியோ போதும். முதுகலைக்கு இரண்டு, மூன்று லட்சம் வரை வாங்கலாம். அந்தக் கடனை வாங்கும்போது வங்கியில் மூன்று விஷயத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவகாசக் காலத்தில் தனி வட்டியா, கூட்டு வட்டியா என்பது முதலாவது. படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டினால் வட்டி விகிதத்தில் சலுகை உண்டா என்பது இரண்டாவது. 2 லட்சத்துக்குப் பத்து சதவீதம் என்றால் மாதம் 1,700-க்குள், முடிகிற வீடுகள் கட்டிவிடலாம். வட்டி மானியம் இந்தப் படிப்புக்குப் பொருந்துமா என்பது மூன்றாவது. மத்திய அரசின் பழைய வட்டி மானியத் திட்டம் தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்குத்தான், பொதுவான பி.எஸ்சி.க்குக் கிடைக்கும் என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளை வேலைக்குப் போன பிறகு பழைய வரி முறையில் இருந்தால், கட்டுகிற வட்டிக்கு எட்டு வருடம் வரை வரிக் கழிவு வாங்கலாம், அந்த வட்டிச் சான்றிதழை வருடா வருடம் வங்கியில் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.